உங்கள் நிரலைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிடுவது எப்படி?

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி 'பப்ளிக்' என்று மாற்றிவிட்டால் மட்டும் நிரல் கட்டற்றதாக, அதாவது யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடியதாக, ஆகிவிடாது. மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமம் சேர்க்காதவரை பதிப்புரிமை முழுவதும் உங்களிடமே இருக்கும். மற்றவர்கள் அதைப் பார்க்கலாம், அங்கேயே ஃபோர்க் செய்யலாம் (தங்கள் கணக்கில் நகலெடுக்கலாம்). ஆனால் தங்கள் மென்பொருளில் சேர்த்து வெளியிட முடியாது.

முதலில், நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துக்கே என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17. அப்படியானால் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். நண்பர் எழுதிய பகுதி இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும்.

அடுத்து, கடவுச்சொல், சேவைகளை அணுகும் சாவி போன்ற ரகசியங்களைத் துடைப்பது. பலர் வழுக்கும் இடம் இதுதான். கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து அழித்துப் புதிதாக கமிட் செய்தாலும் (மாற்றத்தை வரலாற்றில் பதிந்தாலும்), பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் கருவியை ஓட்டி வரலாறு முழுவதையும் சோதியுங்கள். ஏற்கெனவே வெளியே போன சாவியை உடனே ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள். அழிப்பது மட்டும் போதாது. வரலாற்றைத் திருத்த கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி உதவும். புதிதாக குளோன் செய்த (முழுதாக இறக்கிய) பிரதியில் ஓட்டுங்கள். அது 'ஆரிஜின்' ரிமோட்டை (கிட்ஹப் பிரதியின் முகவரியை) நீக்கிவிடும், அதனால் அடுத்த புஷ், அதாவது ஏற்றுவது, தோற்கும். ரிமோட்டை மீண்டும் சேர்த்து, வரலாறு மாறியிருப்பதால் 'ஃபோர்ஸ்' புஷ் செய்யுங்கள். பழைய வரலாறு தேவையில்லை என்றால், புது ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) ஒரே கமிட்டாகத் தொடங்குவது இன்னும் எளிது.

இப்போது உரிமம். எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் ஆகியவை பரவலாகப் பயன்படும் ஆயத்த உரிமங்கள். எம்ஐடி சில பத்திகள்தான். பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் விடாமல் வைத்தால், மூலநிரல் தராத மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். அப்பாச்சி 2.0 காப்புரிமைக்கும் வெளிப்படையாக அனுமதி தருகிறது. 2007இல் வந்த ஜிபிஎல் 3, நிரலை மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் அதே உரிமத்தில் தரவேண்டும் என்கிறது. சர்வரில் மட்டும் ஓட்டுவது விநியோகம் ஆகாது. இணையச் செயலியை மாற்றி சர்வரில் ஓட்டுபவரும் மூலநிரலைத் தரவேண்டும் என்றால், ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் வேண்டும். முழுச் செயலிக்கு ஜிபிஎல், சிறு நூலகத்துக்கு (மற்ற நிரல்கள் சேர்த்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புக்கு) எம்ஐடி என்பது எங்கள் பரிந்துரை. சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற ஒரே வரி போதும், அது திறமூலம் அல்லாமல் போய்விடும்.

நீங்கள் சேர்த்துள்ள நூலகங்களின் உரிமங்களையும் பாருங்கள். ஜிபிஎல் 2 மட்டும் என்ற நிரலோடு அப்பாச்சி 2.0 நிரலை இணைத்து வெளியிட முடியாது. ஜிபிஎல் 3 என்றால் முடியும்.

உரிம வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல், 'லைசென்ஸ்' என்ற கோப்பாக ரெப்போவின் முதல் அடைவில் வையுங்கள். எம்ஐடியில் ஆண்டையும் பெயரையும் மட்டும் நிரப்ப வேண்டும். வாசகத்தை மாற்றினால் கிட்ஹப் அதை அடையாளம் காணாமல் போகலாம்.

ரெப்போவின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில், மென்பொருள் என்ன செய்யும், எப்படி நிறுவுவது, பைத்தான் போன்றவற்றின் எந்தப் பதிப்பு தேவை என்று எழுதுங்கள். வேறொரு கணினியில் குளோன் செய்து, அதில் உள்ளபடி மட்டுமே நிறுவிப் பாருங்கள். உங்கள் கணினியில் முன்பே இருந்ததால் எழுத மறந்த நூலகங்கள் அப்போது தெரியவரும். எல்லாம் ஓடினால் 0.1.0 என்று டேக் (பதிப்பு அடையாளம்) இட்டு, ரிலீஸ் பக்கத்தில் வெளியிடுங்கள்.