கேம் விளையாட எந்த லினக்ஸ்? டிஸ்ட்ரோவைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. என் கணினியை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. கேம் எல்லாம் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கிப் போட மனம் வராமல் லினக்ஸுக்கு மாறினேன். மூன்று டிஸ்ட்ரோக்களை (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகளை) ஏற்றி அழித்த பிறகுதான் உறைத்தது: "எந்த லினக்ஸ் நல்லது?" என்று ஆரம்பித்ததே தப்பு. என்ன கேம், என்ன கிராபிக்ஸ் கார்டு, கேம் எந்த டிஸ்க்கில் இருக்கப்போகிறது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் டிஸ்ட்ரோவைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்யலாம்.

ஐஎஸ்ஓ இறக்குவதும் பயாஸில் பூட் வரிசை மாற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பேக்கப் எடுத்தாகிவிட்டது, சரியா?

படி 1: கேம் பட்டியல்

நீங்கள் உண்மையிலேயே விளையாடும் கேம்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். லைப்ரரியில் முந்நூறு இருந்தாலும் தொடுவது ஏழெட்டுதான்.

விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைப்பது புரோட்டான். வால்வ் இதை 2018 ஆகஸ்டில் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் கொண்டுவந்தது. அடித்தளம், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், அதன் மேல் டிஎக்ஸ்விகே, விகேடி3டி என்ற இரண்டு அடுக்குகள் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் அழைப்புகளை, லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தருகின்றன. எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் புரோட்டான் அதேதான். ஒரு கேம் அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை என்றால் முதலில் டிரைவரைச் சந்தேகப்படுங்கள்.

எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு கேமையும் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்ற பதக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே இறங்கி, உங்கள் கார்டு வைத்திருப்பவர் சமீபத்தில் எழுதியதைப் படியுங்கள்.

அப்புறம் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் மென்பொருள். தனியாக விளையாடும் கேம்கள் பெரும்பாலும் ஓடிவிடும். இடிப்பது ஆன்லைன் போட்டி கேம்கள்தான். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021-லிருந்தே புரோட்டானை ஆதரிக்கின்றன. ஆனால் அதை இயக்கிவிடுவதா வேண்டாமா என்பது கேம் தயாரிப்பவர் கையில். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்திவிட்டார்கள். உங்கள் தாளில் இவைதான் முதலிடம் என்றால் டூயல் பூட் (ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்) போடுங்கள், அல்லது விண்டோஸிலேயே இருங்கள். எந்த டிஸ்ட்ரோவாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

படி 2: கார்டு

ஏஎம்டி என்றால் கவலையில்லை. டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலிலும் மேசா என்ற கிராபிக்ஸ் தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். கார்டு மிகப் புதியது என்றால் மட்டும் புதிய கெர்னல் தரும் டிஸ்ட்ரோ தேவை.

என்விடியா என்றால் கார்டின் வயதைப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 பதிப்பு டிரைவர்தான் கடைசி. 590-லிருந்து ஆதரவு இல்லை. ஆர்ச் லினக்ஸ் 2025 டிசம்பரில் 590-க்குத் தாவியபோது, அறிவிப்பைப் படிக்காமல் அப்டேட் கொடுத்த பழைய கார்டுக்காரர்கள் பலருக்கு டெஸ்க்டாப்பே வரவில்லை. என்னுடையது ஜிடிஎக்ஸ் 1060. அதனால்தான் ஆர்ச் வழி வந்த எதையும் நான் தொடவில்லை.

படி 3: இப்போது டிஸ்ட்ரோ

இது முழுக்க என் கருத்து. திட்டுபவர்கள் திட்டலாம்.

கணினி கேமுக்கு மட்டும்தான், உள்ளே நோண்டும் ஆசை இல்லை: பஸ்ஸைட். ஃபெடோரா டிஸ்ட்ரோவின் அடாமிக் வகையை (மொத்த அமைப்பையும் ஒரே படிமமாக அப்டேட் செய்வது) அடிப்படையாகக் கொண்டது. ஸ்டீம் முதலிலேயே இருக்கும். பழைய என்விடியாவுக்குத் தனி ஐஎஸ்ஓ, புதியதற்குத் தனி. இறக்கும்போதே தளம் கேட்கும். அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்து திரும்பிவிடலாம். எனக்கு இது ஒருமுறை கைகொடுத்தது.

கேமோடு எழுத்து வேலை, பிரவுசிங், பிரின்டர் எல்லாம் வேண்டும்: லினக்ஸ் மின்ட். பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். டிரைவர் மேனேஜரைத் திறந்து பரிந்துரைக்கும் என்விடியா டிரைவரைச் சொடுக்கினால் போதும். நான் இன்று இருப்பது இதில்தான்.

புதிய கார்டு, பிழை வந்தால் விக்கி படிக்கவும் தயார்: கேச்சிஓஎஸ். ஆர்ச் வழி வந்தது. முதல் லினக்ஸாக எடுக்க வேண்டாம்.

ஸ்டீம்ஓஎஸ் ஏன் பட்டியலில் இல்லை? ஸ்டீம் டெக்கில் அருமையாக ஓடுகிறது. ஆனால் அது ஏஎம்டி வன்பொருளை மனதில் வைத்துச் செய்தது. அதே அனுபவம் வேண்டுமென்றால் பஸ்ஸைட்டே நெருங்கி வருகிறது.

உபுண்டு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப் சென்டரில் ஸ்நாப் (உபுண்டுவின் தொகுப்பு முறை) வடிவில் வரும் ஸ்டீமைத் தவிர்த்துவிட்டு, ஸ்டீம் தளத்திலிருந்தே டெப் நிறுவல் கோப்பை இறக்குங்கள்.

படி 4: நிறுவுதல்

பென்டிரைவில் எழுதுங்கள், லைவ் முறையில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) பூட் செய்து வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா பாருங்கள், நிறுவுங்கள். பஸ்ஸைட்டுக்கு ஃபெடோரா மீடியா ரைட்டர், மற்றதற்கு வென்டாய். இதில் நான் எங்கும் தடுக்கி விழவில்லை.

படி 5: கேம் இருக்கும் டிஸ்க்

விழுந்தது இங்கேதான். விண்டோஸ் காலத்து இரண்டாவது டிஸ்க்கில் ஏறக்குறைய 600 ஜிபி கேம்கள் இருந்தன. மறுபடி எதற்கு இறக்குவது என்று, அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) டிஸ்க்கையே லினக்ஸ் ஸ்டீமில் லைப்ரரியாகச் சேர்த்தேன். அத்தனை கேமும் பட்டியலில் வந்தன. ஆகா என்று விளையாடு பொத்தானை அழுத்தினேன். பச்சைப் பொத்தான் நீலமாகி 'நிறுத்து' என்றது, மூன்று நொடி, மறுபடி பச்சை. பிழைச் செய்தி கிடையாது. அடுத்த கேம், அதே மூன்று நொடி. புரோட்டான் பதிப்பை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், கடைசியில் டிஸ்ட்ரோவையே மாற்றினேன். இரண்டு வார இறுதிகள் போயின.

காரணம் ஒரு முக்காற்புள்ளி (:). புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி விண்டோஸ் கோப்புறை உருவாக்குகிறது. அதற்குள் சி டிரைவைக் குறிக்க, முக்காற்புள்ளியோடு கூடிய பெயரில் ஒரு இணைப்பு வைக்கிறது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி வரவே கூடாது. அதனால் என்டிஎஃப்எஸ் டிஸ்க் ஏற்றப்பட்ட விதத்தைப் பொறுத்து அந்த இணைப்பு உருவாகாமல் போகும், அல்லது உருவாகி, பிறகு விண்டோஸ் டிஸ்க்கைச் சோதிக்கும்போது பிழையாகத் தெரியும். போதாக்குறைக்கு, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் அது முழுதாக அணைவதில்லை. லினக்ஸ் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

என் தீர்வு: டிஸ்க்குகள் என்ற கருவியில் காலி இடத்தில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு அமைப்பு) பார்ட்டிஷன் ஒன்று உருவாக்குங்கள். ஸ்டீம் அமைப்புகளில் சேமிப்பகம் பகுதிக்குப் போய் அதைப் புதிய லைப்ரரியாகச் சேருங்கள். பழைய டிஸ்க்கில் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காமன் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து வேண்டிய கேமின் கோப்புறையை, பெயர் மாற்றாமல், புதிய லைப்ரரியில் அதே இடத்தில் ஒட்டுங்கள். பிறகு ஸ்டீமில் அந்தக் கேமுக்கு 'நிறுவு' கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். முதலில் ஒரு சின்ன கேமில் செய்து பாருங்கள். எனக்கு அன்று முதல் முறையிலேயே கேமின் லோகோ வந்தது, நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

எபிக், கோக் (GOG) கடைகளின் கணக்குகளில் இருக்கும் கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். லூட்ரிஸும் உண்டு, எனக்கு அதில் அமைப்புகள் கூடுதலாகத் தெரிகின்றன. ஏதாவது கேம் அடம்பிடித்தால் புரோட்டான்அப்-கியூட்டி என்ற கருவி வழியாக, புரோட்டானின் மாற்றுப் பதிப்பான ஜிஇ-புரோட்டானைப் போட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: என்விடியா டிரைவர் போட்டும் கேம் நத்தை மாதிரி நகர்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூவரிடமும் செக்யூர் பூட் (கையொப்பம் நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் பயாஸ் காவல்) இயங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும். பலர் அதைப் பிழை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சில நொடிகளில் அதுவே மறைந்தும்விடும். அது வந்தவுடன் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது) என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். பஸ்ஸைட்டில் கடவுச்சொல்லை அவர்களே முன்கூட்டி வைத்திருக்கிறார்கள், ஆவணத்தில் இருக்கிறது. திரையைத் தவறவிட்டால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தாலும் டிரைவர் ஏறிவிடும். ஆனால் டூயல் பூட்டில் விண்டோஸ் பக்கம் அதைக் கட்டாயமாகக் கேட்கும் கேம் இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது.