கொதிநீரில் நுண்பிளாஸ்டிக்கைப் பிடிப்பது எப்படி?

பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைத் தொல்லை என்றுதான் நினைக்கிறோம். சீனாவின் குவாங்சோ மருத்துவப் பல்கலைக்கழகமும் ஜினான் பல்கலைக்கழகமும் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு அந்தச் சுண்ணாம்புக்கு நல்ல வேலை ஒன்று இருப்பதைக் காட்டியது. குழாய்த் தண்ணீரில் நுண்பிளாஸ்டிக் துகள்களைக் கலந்து 5 நிமிடம் கொதிக்கவிட்டார்கள். அடியில் இறங்கிய சுண்ணாம்பு, துகள்களையும் தன்னோடு பொதிந்து இழுத்துக்கொண்டது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை (நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு) உள்ள நீரில் 90 சதவீதம் வரை துகள்கள் நீங்கின. 180 மில்லிகிராமில் 84 சதவீதம், 80 மில்லிகிராமில் 34 சதவீதம். 60-க்கும் குறைந்த மென்னீரில் ஏறத்தாழ 25 சதவீதம்தான்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்று அளப்பது. டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும்; சோற்றுப்பு கலந்த தண்ணீரிலும் எண் ஏறும். கடினத்தன்மை பார்க்கும் பரிசோதனைப் பட்டைதான் வேண்டும். பட்டையின் அளவுகோல் ஜெர்மன் டிகிரியில் இருந்தால் 17.8-ஆலும், பிரெஞ்சு டிகிரியில் இருந்தால் 10-ஆலும் பெருக்குங்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடினத்தன்மை முழுவதும் கொதித்தால் படியாது. கால்சியம் பைகார்பனேட்டாக இருக்கும் பங்கு மட்டுமே சூட்டில் சிதைந்து, கரியமில வாயுவை வெளியே விட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பார்கள். சல்ஃபேட், குளோரைடு வடிவில் இருப்பது எவ்வளவு கொதித்தாலும் அசையாது. உங்கள் தண்ணீரில் எது அதிகம் என்று தெரிந்துகொள்ள, கொதிக்கவைக்கும் முன் ஒரு பட்டை, கொதித்து ஆறி வடிகட்டிய பின் ஒரு பட்டை நனைத்துப் பாருங்கள். எண் நன்றாக இறங்கியிருந்தால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, முறை வேலை செய்ய வாய்ப்புண்டு. எண் அப்படியே நின்றால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

செய்முறை எளிது, ஆனால் பாத்திரம் முக்கியம். துருப்பிடிக்காத எஃகு அல்லது சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் எடுங்கள். தானாக அணையும் மின்கெட்டில் இதற்குச் சரிப்படாது, கொதி வந்த சில நொடிகளில் நின்றுவிடும். உள்ளே பிளாஸ்டிக் பாகம் உள்ள கெட்டில் என்றால், எடுக்க வேண்டியதை நாமே சேர்த்ததாகிவிடும்.

2 லிட்டர் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, தளதளவென்று கொதி வந்த பிறகு 5 நிமிடம் கணக்கிடுங்கள். மூடியைச் சற்றே திறந்து வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். கடின நீராக இருந்தால் மேற்பரப்பில் மெல்லிய ஏடு போல ஒன்று மிதக்கும், ஓரங்களில் வெண்பொடி ஒட்டும். பலரும் அழுக்கு என்று நினைத்துக் கலக்கிவிடுவது இதைத்தான். கலக்கவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை நகர்த்தாமல் அரைமணி நேரமாவது தெளியவிடுங்கள்.

பிறகு காபி வடிகட்டும் தாள் வழியாக மெதுவாக இறுத்து எடுங்கள். ஒரே மூச்சில் கவிழ்த்தால் அடியில் உள்ளது எல்லாம் கிளம்பிவிடும். கடைசி இரண்டு விரற்கடை தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவதே நல்லது; சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. நைலான் வடிகட்டியோ பாலியஸ்டர் துணியோ வேண்டாம், இரண்டும் பிளாஸ்டிக் இழைகள்தான். வடித்த தண்ணீரைக் கண்ணாடியிலோ எஃகிலோ சேமியுங்கள்.

சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019-இல், ஒரே ஒரு பிளாஸ்டிக் தேநீர்ப் பையை 95 டிகிரி செல்சியஸ் நீரில் இட்டபோது சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் வெளிவந்ததாகக் கணக்கிட்டது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் 2020 ஆய்வில், பாலிபுரோப்பிலீன் பால்புட்டிகள் லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை வெளியிட்டன. குழந்தைக்குப் பால் கலக்குபவர்கள் சூடான நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக் குலுக்காதீர்கள். கண்ணாடியிலோ எஃகிலோ கலந்து, குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே புட்டியில் மாற்றுங்கள்.

இந்த முறை செய்யாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் ஆகியவை கொதிப்பதால் போகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது அவற்றின் செறிவு சற்றுக் கூடும். அவை உள்ள தண்ணீருக்கு வேறு சுத்திகரிப்பு தேவை. ஆர்.ஓ. தண்ணீரில் படிய வேண்டிய சுண்ணாம்பே அநேகமாக இருக்காது என்பதால், அதைக் கொதிக்கவைத்து இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. பலனுக்காக மென்னீரில் சுண்ணாம்போ சோடாவோ நீங்களாகக் கலக்கவும் வேண்டாம்.

பாத்திரத்தில் படிவு கெட்டியானதும் வினிகரும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும். கரைவது சுண்ணாம்பு மட்டுமே. பொதிந்திருந்த பிளாஸ்டிக் துகள்கள் விடுபட்டு அந்த நீரில் கலந்துவிடும். அதை முழுவதும் கொட்டி, இரண்டு முறை அலசிய பிறகே பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.