பெட்டி வரவில்லையா? எந்த எண்ணைத் தட்டுவது?

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய் வழியாக விடியற்காலை 3 மணிக்குச் சென்னையில் இறங்கினேன். என் பெட்டி வரவில்லை. அது வீடு வந்து சேர்ந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டது இது.

1. கிளம்பும் முன் பழைய டேகைக் கிழித்துவிடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குட்டி பார்கோடு ஸ்டிக்கரையும்தான். ஸ்கேனருக்குப் பழைய பயணம் எது, புதியது எது என்று தெரியாது.

2. செக்-இன் பெல்ட் நகரும் முன் டேகில் பெரிதாக இருக்கும் மூன்றெழுத்தைப் பாருங்கள். சென்னைக்கு எம்ஏஏ (மெட்ராஸ் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது), திருச்சிக்கு டிஆர்இசட். அப்படியே டேகையும் பெட்டியையும் சேர்த்து ஒரு போட்டோ.

3. போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டித் தரும் துண்டைத் தொலைக்காதீர்கள். பார்கோடில் இருப்பது 10 இலக்கம். முதல் இலக்கத்தை அடுத்து வரும் மூன்றும் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603. கடைசி ஆறு உங்கள் பெட்டிக்கானது. முதல் இலக்கம் 2 என்றால், தவறிய பெட்டியைப் பிறகு அனுப்பும்போது ஒட்டும் 'ரஷ்' டேக்.

4. பெட்டி வரவில்லையா? வெளியே வராமல், பெல்ட் பக்கத்துக் கவுண்டரிலேயே பிஐஆர் (பெட்டி வரவில்லை என்ற புகார்ப் பதிவு) எழுதி வாங்குங்கள். நான் மாட்டியது இங்கேதான். வீட்டுக்கு வந்து இணையதளத்தில் டேக் எண்ணைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், 'பதிவு இல்லை' என்றே வருகிறது. அது கேட்டது பிஐஆர் எண்ணை! அதுவும் 10 தான், ஆனால் எழுத்தில் தொடங்கும்: ஊருக்கு மூன்றெழுத்து, நிறுவனத்துக்கு இரண்டு, பிறகு ஐந்து இலக்கம். இரண்டுமே பத்து என்பதால் குழம்பிவிட்டேன். கவுண்டரில் தந்த தாளோ அதுவரை சட்டைப்பையில் மடிந்து கிடந்தது.

பெட்டி சேதமாகி வந்தால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்கு 21 நாள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கணக்கு இது.

ஏர்டேக்? வாங்கலாம். பெட்டி துபாயில் கிடக்கிறது என்று காட்டும், ஏற்றி அனுப்பாது. முகவரி எழுதிய ஒரு தாளைப் பெட்டிக்குள் வைப்பதுதான் என் முதல் சிபாரிசு. வெளி டேக் பிய்ந்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

பின்சேர்க்கை: டேகில் டிஆர்இசட் என்று இருந்தும் பெட்டி திருச்சிக்கு வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அவருடையது சென்னை பெல்ட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்ததாம்.