குடல் அசைவு ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தப் பரிசோதனையும் சரி. வயிற்று வலி மட்டும் போகவில்லை. உடனே "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. செயல்பாட்டுக் கோளாறுகள் எனப்படும் இப்படிப்பட்ட தொந்தரவுகளில் குடலின் அமைப்பில் சேதம் எதுவும் தெரியாது. குடல் அசையும் விதம், அதன் கூருணர்வு, மூளையோடு அது நடத்தும் பேச்சுவார்த்தை, இவற்றில்தான் பிசகு. பன்னாட்டு நிபுணர்கள் வகுத்து 2016-இல் வந்த ரோம் 4 வரையறை இவற்றைக் குடல்-மூளைத் தொடர்புக் கோளாறுகள் என்றே குறிப்பிடுகிறது. வலி உண்மையானது.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லும்போதும் கவனம் வேண்டும். 33 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இணையம் வழியே பதில் சொன்னவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. வீடு தேடிப் போய் நேரில் கேட்ட இடங்களில் அது ஏறக்குறைய பாதிதான். மலம், வாயு பற்றியெல்லாம் முன்பின் தெரியாதவரிடம் வாய் திறந்து சொல்ல யாருக்குத்தான் கூச்சம் இருக்காது? எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் பேசக்கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றி: வயிற்றுத் தொந்தரவு இருந்தால் இரைப்பை மெதுவாக இயங்குகிறது என்று முடிவுகட்டுவது. இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்க, முட்டை வெள்ளைக்கருவில் துளியளவு கதிரியக்க டெக்னீசியத்தைக் கலந்து சமைத்து, ரொட்டியோடு சாப்பிடக் கொடுப்பார்கள். பிறகு நான்கு மணி நேரம் வரை இடைவெளி விட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள். நான்காவது மணியில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் தாமதம். இரண்டு மணியோடு நிறுத்திவிட்டால் தாமதமுள்ள பலர் தப்பிவிடுவார்கள். ஓபியாய்டு வலி மாத்திரையை நிறுத்தாமல் வந்தாலோ, அன்று சர்க்கரை எகிறியிருந்தாலோ, நல்ல இரைப்பையும் சோம்பலாகத் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும்? 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரைப்பைத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து, 48 வாரம் கழித்து அவர்களுக்கே திரும்பவும் செய்தார்கள். முதலில் தாமதம் என்று வந்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு இப்போது இயல்பு; இயல்பு என்று வந்தவர்களில் 37 சதவீதம் பேருக்குத் தாமதம். அவர்கள் படும் அவதியோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள் எடுத்த படத்தை வைத்து ஒருவருக்கு நிரந்தரமாக நோய்ப் பெயர் சூட்டுவது எவ்வளவு பெரிய அவசரம்!

மருந்து ஆய்வுகளில், சோதிக்கும் மருந்தைப் பெறாத ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த நோய்கள் ஏறி இறங்கும் இயல்புள்ளவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் ஆய்வில் சேருவார்கள், அப்புறம் தானாகவே கொஞ்சம் தணியும். 2010-இல் 80 குடல் எரிச்சல் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையே 59 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம் தந்தது. மாத்திரை பெறாதவர்களில் அது 35 சதவீதம். எனவே "பாதிப் பேருக்குக் குணம்" என்ற செய்தி தனியாக எதையும் நிரூபிக்காது.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, விழுங்குவதில் சிரமம் இருந்தால், "செயல்பாட்டுக் கோளாறுதான்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்போது உடனே மருத்துவரைப் பார்த்து, உரிய பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.