ஜெப்பர்டியின் கடைசிக் கேள்வி: தோற்கவைக்கும் தவறுகள்

அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ வினாடி வினா நிகழ்ச்சியை யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் கடைசிக் கேள்வியைத்தான் பார்த்திருப்பார்கள். மூன்று பேர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள், 30 வினாடிக்கு அந்த இசை ஓடும், பிறகு ஒவ்வொருவரின் பதிலாகத் திறந்து காட்டுவார்கள். பெரிய ஆள் யாராவது தோற்றுவிட்டால், “இதுகூடவா தெரியவில்லை?” என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் நிறைய ஆட்டங்களில் தோல்விக்கான காரணம் பதிலில் இருப்பதில்லை. அதற்குச் சில நிமிடம் முன்பு எழுதிய பந்தயத் தொகையில் இருக்கிறது.

விதி இதுதான். முதலில் தலைப்பை மட்டும் காட்டுவார்கள். ‘அமெரிக்க நகரங்கள்’, ‘இலக்கியம்’ என்பது போல. விளம்பர இடைவேளையில், கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவு பந்தயம் கட்டுவது என்று முடிவு செய்து எழுத வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்க்கத் தாளும் பென்சிலும் தருவார்கள். எழுதிய தொகை பூட்டப்பட்ட பிறகே கேள்வி வரும். பதில் சரி என்றால் அந்தத் தொகை சேரும், தவறு என்றால் கழியும். சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யில் கேள்வியைப் பார்த்துவிட்டு, தெரியாவிட்டால் இருப்பதை எடுத்துக்கொண்டு விலகிவிடலாம். இங்கே அந்த வழி கிடையாது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். வென்றவர் மட்டும்தான் தன் கணக்கில் இருக்கும் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். மற்ற இருவருக்கும் நிலையான ஒரு தொகைதான்: இரண்டாமவருக்கு 3,000 டாலர், மூன்றாமவருக்கு 2,000. கணக்கில் 20,000 டாலரோடு இரண்டாவதாக வந்தாலும் கிடைப்பது அதே 3,000தான். ஆகவே ‘என் பணத்தைப் பெருக்குவது எப்படி’ என்று யோசிப்பதே முதல் தவறு. ஒரு டாலராவது மற்றவர்களைவிடக் கூடுதலாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறவர் இரண்டாம் இடத்தில் இருப்பவர். முன்னால் இருப்பவரிடம் 12,000, இவரிடம் 9,000, மூன்றாமவரிடம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ‘பின்தங்கி இருக்கிறேன், துணிந்து எல்லாவற்றையும் வைத்தால்தான் ஜெயிக்க முடியும்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

முன்னால் இருப்பவர் விவரமானவர் என்றால் என்ன செய்வார்? இரண்டாமவர் எல்லாவற்றையும் வைத்து வென்றால் 18,000 ஆகும். அதைத் தாண்ட இவருக்கு 18,001 வேண்டும். எனவே 6,001 கட்டுவார். பதில் சரியாகிவிட்டால் இரண்டாமவர் எவ்வளவு வைத்திருந்தாலும் பிடிக்க முடியாது. தவறினால் இவரிடம் 5,999தான் மிஞ்சும்.

இப்போது இரண்டாமவர் பக்கம் வாருங்கள். முன்னால் இருப்பவர் சரியாகச் சொன்னால் எப்படியும் தோல்விதான், அதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பயனில்லை. அவர் தவறும் நிலையை மட்டும் பார்க்க வேண்டும். முழு 9,000-ஐயும் வைத்தால், தன் பதிலும் சரியாக இருந்தால் மட்டுமே வெற்றி. இருவருமே தவறினால் இவரிடம் பூஜ்யம், அவரிடம் 5,999. அதுவே 999 டாலர் மட்டும் வைத்தால், தவறினாலும் 8,001 இருக்கும். மூன்றாமவர் தன் 4,000-ஐ இரட்டிப்பாக்கினாலும் 8,000தான். அதாவது முன்னால் இருப்பவர் தவறினால் போதும், தனக்குப் பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வெற்றி இவருக்கே. முன்னால் இருப்பவருக்கே தெரியாத கடினமான கேள்வி இவருக்கும் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

முன்னால் இருப்பவரின் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் இருந்தால்தான் இது பலிக்கும். 12,000-க்கு எதிரே 7,000 என்றால் கதை மாறிவிடும். அப்போது முன்னால் இருப்பவர் 2,001 மட்டுமே கட்டுவார், தவறினாலும் 9,999 இருக்கும். இரண்டாமவர் குறைந்தது 3,000 கட்டி, சரியான பதிலும் எழுதியே ஆக வேண்டும். ஆக, துணிச்சலும் நிதானமும் குணத்தைப் பொறுத்தவை அல்ல, அந்த மூன்று எண்களைப் பொறுத்தவை.

உண்மையில் நடந்த ஆட்டங்களில் இதைப் பார்ப்போம். 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற கென் ஜென்னிங்ஸ், 2004 நவம்பர் 30 அன்று நான்சி ஜெர்க்கிடம் தோற்றார். கடைசிக் கேள்விக்கு முன் ஜென்னிங்ஸிடம் 14,400, ஜெர்க்கிடம் 10,000. ஜென்னிங்ஸ் கட்டியது 5,601. ஜெர்க் இரட்டிப்பாக்கினாலும் 20,001-உடன் மேலே நிற்பதற்கான துல்லியமான தொகை அது. பதில் தவறியது, 8,799-க்கு இறங்கினார். ஜெர்க் 4,401 கட்டினார், பதில் சரி, 14,401-உடன் வென்றார். ஜென்னிங்ஸ் எதுவுமே கட்டாமல் இருந்தால் அவரை ஒரு டாலரில் தாண்டுவதற்கான தொகை அது, அர்த்தமில்லாமல் எழுதியதல்ல. ஆனால் ஜென்னிங்ஸை மட்டும் கணக்கில் எடுத்தால், ஜெர்க் 1,200 வரை மட்டும் கட்டியிருந்தால் பதில் தவறினாலும் 8,800-உடன் அவரைத் தாண்டியிருப்பார். 4,401 கட்டியதால் பதில் சரியாக இருந்தே ஆக வேண்டிய நிலை. தவறியிருந்தால் 5,599-உடன் நின்றிருப்பார், ஜென்னிங்ஸின் ஓட்டம் அன்று முடிந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான பாடம் ஜேம்ஸ் ஹோல்ஷவரின் கடைசி ஆட்டம். ஆயிரக்கணக்கில் பந்தயம் கட்டியே 32 ஆட்டங்களை வென்றவர் அவர். 2019 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில் வெறும் 1,399 கட்டினார். வேண்டுமென்றே தோற்றார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் அவர் எழுதியதிலேயே அழகான தொகை அதுதான் என்பேன். எம்மா பெட்சர் 26,600-உடன் முன்னால் இருந்தார், ஹோல்ஷவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000. மூன்றாமவர் இரட்டிப்பாக்கினால் 22,000. 23,400-இல் 1,399 போனால் மிஞ்சுவது 22,001. பெட்சர் தவறினால் போதும், ஹோல்ஷவர் சரியோ தவறோ வென்றிருப்பார். பெட்சர் தவறவில்லை. 20,201 கட்டி, சரியான பதிலோடு 46,801-இல் முடித்தார். 23,400-இன் இரட்டிப்புக்கு மேல் சரியாக ஒரு டாலர். இருவருமே குறையில்லாமல் பந்தயம் கட்டிய ஆட்டம் அது.

முன்னால் இருப்பவர் செய்யும் தவறுகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. ஒன்று, பயந்துபோய்க் குறைவாகக் கட்டுவது. பதில் சரியாக இருந்தும் இரண்டாமவரிடம் தோற்பதைவிடக் கொடுமை இந்த ஆட்டத்தில் இல்லை. இன்னொன்று, இரட்டிப்புக்கு மேல் முன்னிலை இருந்தும் ஆசைப்படுவது. உங்களிடம் 20,000, அடுத்தவரிடம் 9,000 என்றால் 1,999 வரை எதையும் கட்டலாம். 2,000-ஐத் தாண்டினால், கையில் இருந்த வெற்றியைக் கேள்வியிடம் கொடுக்கிறீர்கள்.

அப்புறம் அந்த ஒரு டாலர். முன்பெல்லாம் இருவர் ஒரே தொகையில் முடித்தால் இருவருமே வெற்றியாளர்கள், இருவருக்கும் பணம் உண்டு. 2014 தொடக்கத்தில் ஆர்தர் சூ என்ற போட்டியாளர் வேண்டுமென்றே சமநிலைக்கு ஏற்ற தொகையைக் கட்டியது அதனால்தான். பிறகு விதி மாறியது. இப்போது சமமாக முடிந்தால் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு ஒருவரை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்கள். பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாமவர் ‘எனக்கு இனி இழக்க என்ன இருக்கிறது’ என்று எல்லாவற்றையும் வைத்துவிடுவார். முதலில் உதாரணமாகச் சொன்ன 12,000, 9,000 ஆட்டத்தில் அவரிடம் 4,000-க்குப் பதிலாக 6,500 இருந்தது என்று கொள்ளுங்கள். முன்னால் இருப்பவர் 6,001 கட்டித் தவறுகிறார், இரண்டாமவரும் பெரிய தொகை கட்டித் தவறுகிறார். மூன்றாமவர் 500-க்குள் கட்டியிருந்தால், பதிலே தெரியாமல் வெற்றி அவருக்கு. 2016 ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் மூவருமே தவறி, மூவருமே பூஜ்யத்தில் முடித்தார்கள். அன்று அவர்களில் ஒருவர் மட்டும் சில நூறு டாலரைக் கட்டாமல் வைத்திருந்தால் போதும், அவர்தான் வெற்றியாளர்.

அன்றைய கேள்வி இப்படி: 1957-இல் நடந்த ஒரு நிகழ்வின் காரணமாகத் தேசிய வரலாற்றுத் தலம் அமைந்த நகரம், அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதியின் நூலகமும் இப்போது அங்கேயே இருக்கிறது. விடை, லிட்டில் ராக். அந்த ஆண்டு கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேர் ராணுவப் பாதுகாப்போடு பள்ளிக்குள் போன ஊர். அது தெரியாவிட்டாலும் இன்னொரு வாசல் இருக்கிறது. ஜனாதிபதி நூலகங்கள் சிலவே, கிளின்டனின் நூலகம் லிட்டில் ராக்கில். கடைசிக் கேள்வியை எழுதுகிறவர்கள் பல நேரம் இப்படி இரண்டு வழி வைத்து எழுதுவார்கள். ஒரு வழி அடைபட்டதும் அதிலேயே முட்டிக்கொண்டு நின்று 30 வினாடியையும் செலவழிப்பது பெரிய தவறு.

ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுவதும் அப்படித்தான். ஜென்னிங்ஸைத் தோற்கடித்த கேள்வியில், ஒரு நிறுவனத்தின் 70,000 பருவகால ‘வெள்ளைக் காலர்’ ஊழியர்களில் பெரும்பாலோர் ஆண்டுக்கு நான்கு மாதமே வேலை செய்கிறார்கள் என்று இருந்தது. அவர் எழுதியது ஃபெட்எக்ஸ். பருவகாலம் என்றதும் கிறிஸ்துமஸ் பார்சல்கள் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் பார்சல் வேலை மேசை வேலை அல்ல, கிறிஸ்துமஸ் நெருக்கடி நான்கு மாதம் நீடிப்பதும் இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மேசை வேலை என்றால் அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கு. விடை, வரிக் கணக்கு தயாரித்துத் தரும் ஹெச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனம்.

தலைப்பையே மறந்துவிடுவதும் உண்டு. 2011 பிப்ரவரியில் ஐபிஎம்மின் வாட்சன் கணினி, ஜென்னிங்ஸோடும் இன்னொரு பழைய வெற்றியாளரான பிராட் ரட்டரோடும் மோதியது. தலைப்பு ‘அமெரிக்க நகரங்கள்’. மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரர் ஒருவரின் பெயரும், இரண்டாவது பெரியதற்கு அந்தப் போரின் சமர் ஒன்றின் பெயரும் கொண்ட நகரம் எது? ஓ’ஹேர், மிட்வே, ஆக சிகாகோ. வாட்சன் எழுதியது டொரான்டோ, அதுவும் வரிசையாகக் கேள்விக்குறிகளோடு. ஆனால் பந்தயத்தில் அது தவறவே இல்லை. 36,681 டாலர் வைத்துக்கொண்டு 947 மட்டுமே கட்டியிருந்தது. தவறான பதிலுக்குப் பிறகும் முன்னிலை அப்படியே இருந்தது.

கடைசியாக, எழுதுவது. பதிலைக் கேள்வி வடிவில்தான் தர வேண்டும் என்பது இந்த நிகழ்ச்சியின் விதி. அதனால் ‘யார்’, ‘எது’ என்பதை இடைவேளையிலேயே எழுதி வைக்கச் சொல்வார்கள், அதில் ஏமாற வேண்டியதில்லை. எழுத்துப்பிழையில்தான் கவனம் வேண்டும். உச்சரிப்பு மாறாத பிழை என்றால் மன்னிப்பார்கள், ஒலி மாறினால் மாட்டார்கள். 2013-இல் சிறுவர்களுக்கான வாரத்தில் ஒரு பையன் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தின் பெயரைச் சரியாகவே பிடித்துவிட்டான், ஆனால் ஆங்கிலத்தில் நடுவே ஒரு ‘டி’ கூடுதலாக விழுந்துவிட்டது. வாசித்தால் வேறு சொல்லாக ஒலிக்கிறது என்று தவறு எனத் தீர்த்தார்கள். பதில் தெரிந்ததும் வேகமாகக் கிறுக்கிவிட்டுப் பேனாவை வைக்காதீர்கள். இசை முடியும்வரை நேரம் உங்களுடையது, எழுதியதை ஒருமுறை மனதுக்குள் வாய்விட்டு வாசிப்பது போல வாசித்துப் பாருங்கள்.