விதை நோவா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

இரவு ஒரு மணி, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதுப் பெடியன் கட்டிலில் சுருண்டுகொண்டு "வயிறு நோகுது" என்கிறான். ஒருக்கால் சத்தியும் எடுத்துவிட்டான். அம்மா இஞ்சித் தேத்தண்ணி போடுகிறார், அப்பா பனடோல் தேடுகிறார். நோவு உண்மையில் விதையில். சொல்ல அவனுக்கு வெட்கம்.

அந்த வெட்கத்தை வளர்த்துவிட்டது நாங்கள்தான். ஆகவே "கீழேயும் நோகுதா?" என்று நாங்களே கேட்க வேண்டும்.

விதைப்பைக்குள் விதை ஒரு கயிறு போன்ற தொடுப்பில் தொங்குகிறது. இரத்தக்குழாய், நரம்பு, விந்து போகும் குழாய் எல்லாம் அதற்குள்தான். அது முறுகிக்கொண்டால் விதைக்கு இரத்தம் போகாது. ஏறத்தாழ 6 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் விதை பெரும்பாலும் தப்பும். பிந்தப் பிந்த, அதையே அகற்ற வேண்டி வரலாம். 12 முதல் 18 வயதுக்குள் கூடுதலாக வரும், நித்திரையிலும் வரும்.

அதனால் எண்ணெய் போட்டு உருவுவதும், காலையில் டொக்டரிடம் காட்டலாம் என்று படுக்க வைப்பதும் வேண்டாம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இல்லாவிட்டால் ஓட்டோ பிடித்து நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம், அதனால் அந்த இஞ்சித் தேத்தண்ணியும் வேண்டாம்.

அப்புறம், தேவையில்லாத பயங்களும் இருக்கின்றன. ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருப்பது வழமை. பின்பக்கம் மெத்தென்று தட்டுப்படுவது கட்டி இல்லை. விந்தணு முதிரும் குழாய்தான் அப்படிச் சுருண்டிருக்கிறது, விரித்தால் சுமார் 6 மீற்றர் நீளம். ஆனால் விதையிலேயே கல்லுப்போல ஒன்று தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். நோகவில்லைத்தானே என்று விடுவதுதான் ஆபத்து.

வயதானவர்கள் வீக்கத்தைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டே வருடங்களைக் கடத்துவார்கள். கொழும்புப் பக்கம் ஒரு காலத்தில் யானைக்கால் நோயால் விதைப்பையில் நீர் கோப்பது சாதாரணம். அந்த நோயை இலங்கை கட்டுப்படுத்திவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இப்போது நீர் கோத்தால் வேறு காரணமும் இருக்கலாம், காட்டத்தான் வேண்டும்.

ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரண்டு விதையும் பைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 6 மாதமாகியும் இறங்காவிட்டால், தானாக இறங்கும் என்று இருக்காமல் சிறுவர் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.