சென்னையின் பழைய கட்டடங்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சேப்பாக்கம் அரண்மனைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நின்றிருந்தார்கள். ஒரு பையன் கோபுரத்தைக் காட்டி, "நவாப் இதில் ஏறித்தான் கடலைப் பார்ப்பாராம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு கட்டடத்துக்கு ஒரே வருஷம் என்று நினைப்பது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. இதனால் எனக்குக் காசும் போனது, பேரும் போனது. பழைய கட்டடங்களைக் காட்ட நான் நடத்தும் நடைப்பயணத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க 300 பிரதி கையேடு அச்சடித்து, அதில் "நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-ல் எழுப்பிய கோபுரம்" என்று படத்தோடு போட்டிருந்தேன். அரண்மனை 1768, அது சரி. ஆனால் அதன் இரு பகுதிகளான கலஸ் மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் நடுவில் நிற்கும் கோபுரம் ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் சேர்த்தது. 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்து, அரண்மனை ஆங்கிலேயர் கைக்குப் போய், அரசு அலுவலகமான பிறகு வந்த வேலை அது. பழைய மகால்களோடு ஒட்டிப்போகும்படி அவர் கட்டிவிட்டதால் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே காலமாகத் தெரியும். நடையில் வந்திருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மிச்சப் பிரதிகளை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். கை மாறிப் போனதை என்ன செய்வது? அந்த வரி நான் எழுதிய சொற்களிலேயே இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் கட்டடத்தையே கேள்வி கேட்கப் பழகினேன். ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க ஃபிரடெரிக் டூடரின் கம்பெனி கட்டியது. ஐஸ் வைக்கும் கிடங்குக்கு இத்தனை ஜன்னல் எதற்கு? அந்த வியாபாரம் படுத்த பிறகு வாங்கிய பிலிகிரி ஐயங்கார் அதை வீடாக மாற்றியபோது வந்தவை அவை. 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியது அந்த வீட்டில்தான், ஐஸ் கிடங்கில் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனும் அப்படியே: 1873 கட்டடம் ஜார்ஜ் ஹார்டிங்குடையது, மணிக்கூண்டு சிஷோமுடையது. எந்த வருஷத்தை எழுதினாலும் எந்தப் பகுதிக்கு என்று கூடவே எழுதுங்கள்.

பெயரை வைத்துக் கதை சொல்வது

ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தது 1880 முதல் 1884 வரை. ரிப்பன் மாளிகை திறந்தது 1913-ல், அப்போது அவர் உயிரோடே இல்லை. ராஜாஜி மண்டபம் திப்புவை வென்றதன் நினைவாக 1802-ல் எழுந்த விருந்து மண்டபம். கட்டியவர் கோல்டிங்ஹாம், வானியலாளர்.

இன்றைய தெருப் பெயரில் தேடுவது

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து அண்ணா சாலை என்று தேடினால் ஒன்றும் வராது. மவுண்ட் ரோடு என்று தேடுங்கள்.

சுரங்கப்பாதைக் கதை

பழைய கட்டடத்துக்கு அடியில் ரகசியச் சுரங்கப்பாதை போகிறது என்று யார் சொன்னாலும் எழுதாதீர்கள்.

பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் வருவது

உயர் நீதிமன்றம் 1892-ல் திறந்தது, அதன் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்தது. இதை நிறையப் பேர் சரியாகச் சொல்கிறார்கள். அதே வளாகத்தில் 1844-ல் விளக்கேற்றிய பழைய கல்தூண் நிற்கிறது, அதைக் கண்டுகொள்ளாமல் வந்துவிடுகிறார்கள்.

காவலாளியோடு வாக்குவாதம்

வேண்டாம்.

முகப்பை மட்டும் படமெடுப்பது

உள்ளே விட்டால் முதலில் அண்ணாந்து பாருங்கள். உத்தரம், கட்டை, செங்கல் அடுக்கு எல்லாவற்றையும் எடுங்கள். 2012 ஜனவரியில் கலஸ் மகால் தீப்பிடித்துப் பழைய கூரை போனபோது என்னிடம் முகப்புப் படம் நாற்பது இருந்தது, கூரைப் படம் ஒன்றுகூட இல்லை. இடிக்காமல் செப்பனிட்டுத் திறந்தார்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. அங்கே தலைக்கு மேல் இருப்பதை மட்டும் 1768 என்று எழுதிவிடாதீர்கள்.